தொண்ணூற்று ஒன்றின் நிறம்

பாக்கியம் டீச்சர் ரவாங்கில் மகள் வீட்டில் காலமானார் என்ற செய்தி, நான் கோலசிலாங்கூர் சந்தைக்குப் புறப்பட்ட நேரத்தில் தொலைபேசியில் வந்தது. கையிலிருந்த குடையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். எங்கள் தோட்டப் பள்ளியில் அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் நான் அங்கே தலைமையாசிரியை. அவர் கணித ஆசிரியை. ஒரு திங்கட்கிழமை, கோலாலம்பூரில் கணினி பழுதுபார்க்கும் தம்பியின் வீட்டில் கண்டதை வந்து சொன்னார். எண்களை நடுவிலிருந்து சுருளாக அடுக்கி, பகா எண்களுக்கு மட்டும் திரையில் நிறமூட்டும் நிரல் அது.

"ஒவ்வொரு புள்ளியும் தன் நம்பர மட்டும் வகுத்துப் பாக்குது, பெரிய டீச்சர். பக்கத்துப் புள்ளியக் கேக்கறதே இல்ல. ஆனா தள்ளி நின்னு பாத்தா சாய்வு சாய்வா கோடு தெரியுதுலா!"

எங்களிடம் கணினி இல்லை. பிள்ளைகள் இருந்தார்கள். விளையாட்டு விழாவுக்கு நூற்று இருபத்தொரு பேரைப் பதினொரு வரிசையாகத் திடலில் நிறுத்தினார். நடுவில் ஒன்று, அதைச் சுற்றி இரண்டு, மூன்று என்று வளர்ந்துகொண்டே போகும். சின்ன எண்கள் சின்ன வகுப்புகளுக்கு. ஆளுக்கு ஓர் அட்டை, ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. விசில் ஊதியதும் அவரவர் எண்ணை அவரவரே வகுத்துப் பார்த்து, பகா எண்ணானால் சிவப்பைக் காட்ட வேண்டும்.

விடைகளை முன்பே சொல்லிவிடலாம் என்றேன். "சொல்லிக் குடுத்தா அது வெறும் அட்ட தூக்குற வேலை" என்று மறுத்துவிட்டார். பிழை வந்தால் பள்ளியின் பெயர் என்ன ஆவது? நானே ஒரு பட்டியல் தயாரித்துக்கொண்டேன்.

விழாவன்று விருந்தினரோடு தோட்ட மானேஜரின் பங்களா மேட்டில் நின்றேன். விசில் ஒலித்தது. சற்று நேரத்தில் பசும்புல்லின் மேல் சிவப்புக் கோடுகள் சாய்வாக எழுந்தன. அழகாகத்தான் இருந்தது. ஆனால் தொண்ணூற்று ஒன்று வெள்ளையாக இருந்தது. என் பட்டியலில் சிவப்பு. ஒலிபெருக்கியை எடுத்தேன்.

"தொண்ணூற்று ஒன்று! அட்டையைத் திருப்பு!"

ஐந்தாம் வகுப்பு வள்ளி தயங்கித் திருப்பினாள். விருந்தினர் கைதட்டினார்கள்.

பாக்கியம் மூச்சு வாங்க மேடேறி வந்தார். "ஏழு பதிமூணு எவ்ளோ, பெரிய டீச்சர்? நீங்க படிச்ச கான்வென்ட்ல பதிமூணாம் வாய்ப்பாடு கெடையாதா?"

தொண்ணூற்று ஒன்று. அது பகா எண் அல்ல என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

"இன்னொரு தடவ விசில் ஊதட்டுமா? அந்தப் புள்ள இங்கயே பாத்துக்கிட்டு நிக்குது."

மானேஜர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"வெயில் ஏறுது, பாக்கியம். போதும்" என்றேன்.

அவர் இறங்கிப் போய், குனிந்து வள்ளியிடம் ஏதோ சொன்னதை மேலிருந்து பார்த்தேன். அந்த ஆண்டுப் பள்ளி மலரில், ஒரு மாணவியைத் தவிர அனைவரும் சரியாகக் காட்டினார்கள் என்று எழுதினேன். அதை வாசித்தபின்னும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நான் ஓய்வுபெற்ற நாளில், வள்ளி பிடித்திருந்த அந்த அட்டையைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். "வெள்ளப் பக்கம் மேல இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

கணவர் மறைந்தபின் இரண்டு முறை வீடு மாறினேன். அட்டையும் கூடவே வந்தது. இன்றும் என் மேசையில் அவர் சொன்னபடியே இருக்கிறது. பாக்கியத்திடம் சொல்லத் தவறியதை, வள்ளி, நீ எங்கிருந்தாலும் உன்னிடம் சொல்கிறேன்: நீ சரியாகத்தான் பிடித்திருந்தாய். பிழை என்னுடையது.