மனுவில் முதல் கையெழுத்து

நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். ஆனால் சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் இருபது கொண்டை ஊசி வளைவிலும் என்னைப்போல ஜீப் ஓட்டியவன் கிடையாது. லாட்ஜ் வராந்தாவில் நின்றே, ஏறிவரும் வண்டி எத்தனாவது வளைவில் இருக்கிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். அப்படி ஓட்டித்தான் ஏரிக்கு மேலே இந்த லாட்ஜைக் கட்டினேன். எவன் தயவும் இல்லை.

போன வருசம் மலையில் லஞ்ச ஒழிப்பு இயக்கம் கிளம்பியது. தலைவர் ஓர் எஸ்டேட் முதலாளி. கூட்டம் அவர் பங்களாப் புல்தரையில். அதுவரை அங்கே டிரைவராக வந்து கேட்டோடு நின்றவன் நான். எங்கள் பக்கம் எந்த மனுவானாலும் பெரிய ஆள்தான் முதலில் கையெழுத்துப் போடவேண்டும். "நீங்க போட்டாத்தானுங்க எடுபடும்" என்று தலைவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மைக்கையும் கொடுத்தார்கள். விடுவேனா? "மாடிக்கு அனுமதியே இல்லீங்க. ஆபீசரைக் கவனிச்சேன், மாடி எந்திரிச்சிருச்சு!" என்றேன். ஒரே கைதட்டல். அதையே மனுவில் எழுதி, அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

ஊட்டுக்கு வந்ததும் என் சம்சாரம் கேட்டாள்: "ஏனுங்க, அவிங்கள்ல யாராச்சும் தாங்க குடுத்ததைச் சொன்னாங்களா?"

"உனக்கு அரசியல் தெரியாது, போ" என்றேன்.

அந்த ஆபீசரை மாற்றினார்கள். பேப்பரில் என் படம் வந்தது; கண்ணாடி போட்டு மாட்டினேன். புது ஆபீசர் வந்த வாரமே பங்களாவில் காபி குடித்தார். அடுத்த வாரம் டேப்போடு என் லாட்ஜுக்கு ஆள் வந்தது. அனுமதியில்லாத மாடி, சொந்தக்காரனே ஒப்புக்கொண்டது, இடிக்கவேண்டும் என்று நோட்டீஸ். சுவரில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி. ஓடையை வளைத்துப் போட்ட பங்களா வேலியை ஒருத்தரும் அளக்கவில்லை.

தலைவரிடம் ஓடினேன். கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசினார். "நொம்ப வருத்தந்தானுங்க. நம்மாளுக்கே சலுகை கேட்டா, அப்பறம் இயக்கம் எதுக்குங்க?"

"அந்த மனுவுல உங்க கையெழுத்து எங்கீங்க?"

"நான் தலைவருங்களே" என்று சிரித்தார்.

கோர்ட்டில் தடை கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை. இன்று காலை மூடுபனியில் ஏரி தெரியவில்லை. மாடி வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கீழே ஒரு கனமான லாரி முதல் கியரில் முக்கிக்கொண்டு ஏறுகிறது. பொக்லைன் ஏற்றிய வண்டி மட்டும்தான் அப்படி முக்கும்.

"என்ன வண்டிங்க அது?" என்று சம்சாரம் உள்ளேயிருந்து கேட்கிறாள்.

பதினேழாவது வளைவு. பதினெட்டு.