மக்ரூனுக்கு ஒதுக்கிய அறை

போன வருஷம் தூத்துக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் மாநாடு நடந்தது. வெளியூர்ப் பிரதிநிதிகளைத் தங்க வைப்பது என் பொறுப்பு. மில்லர்புரத்தில் வாடகைக்குப் பிடித்த விடுதியில் கட்டில்களை மூன்று முறை எண்ணினேன், நூற்றுப் பதினெட்டு. லிப்ட் கிடையாது. கீழே இருந்த ஒரே ஏசி அறையை, ஊன்றுகோலோடு வரும் ராமநாதபுரத்து ஆசிரியைக்கு ஒதுக்கி, கதவில் பெயரும் ஒட்டினேன்.

காலையில் அவரை அழைத்துப்போய்க் கதவைத் திறந்தால், உள்ளே எழுபத்திரண்டு பெட்டி முந்திரி மக்ரூன் இனிப்பு. பிரதிநிதிகளுக்குப் பரிசாம்.

மாநாட்டுச் செயலாளரிடம் கத்தினேன்.

"கடக்காத்து பட்டா நமுத்துரும்லா அண்ணாச்சி? டீச்சருக்கு மூணாம் மாடியில ஏசி ரூம் போட்டாச்சி. அம்பத்திநாலு படிதான, மெல்ல ஏறிருவாவ."

அந்தப் படிகளை எண்ணி எழுதிக் கொடுத்தவனே நான்தான்! ஆசிரியையோ, "பரவாயில்லை சார், ஏறிப் பார்க்கிறேன்" என்று முதல் படியில் ஊன்றுகோலை வைத்தார். அவரை நிறுத்தி நாற்காலியில் உட்கார வைத்தேன். விடுதி ஆட்கள் இருவரோடு, எழுபத்திரண்டு பெட்டிகளையும் முதல் மாடியில் செயலாளரின் ஏசி அறைக்குச் சுமந்து, அவர் கட்டில்மேலேயே அடுக்கினேன். அதன்பின் ஆசிரியை கீழ் அறையில் காலை நீட்டிப் படுத்தார்.

மத்தியானம் செயலாளர் பாய்ந்து வந்தார். "நான் எங்கன படுக்க?"

"மூணாம் மாடியில கட்டில் காலியாத்தான் கெடக்கு. அம்பத்திநாலு படிதான, மெல்ல ஏறும்வே."