முறைப்பாடு சொல்லப் பழகிய வகுப்பு

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். ஜெர்மனியின் மேற்குப் பக்கத்துச் சின்ன நகரம் ஒன்றில், பழைய தொழிலாளர் விடுதியில் இலங்கையிலிருந்து வந்த எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். அகதிகள் விடுதி, எங்கள் வாயில் அது 'ஹைம்'. நானும் கணவரும் இரண்டாம் மாடியில் ஓர் அறையில் இருந்தோம்.

ஊரில் நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வாய் மட்டும் நிற்கவில்லை. பொதுச் சமையலறையில் பானை கொதிப்பதற்குள் பக்கத்தில் நிற்பவரின் ஊர், உறவு, கல்யாணக் கதை எல்லாம் கேட்டு முடித்துவிடுவேன். "அக்காவை ரேடியோவில விட்டா கரண்டே தேவையில்லை" என்பார் அடுத்த அறைத் தம்பி. அப்படிப்பட்ட எனக்கு ஆங்கிலம் என்றால் மட்டும் நாக்கு எழும்பாது.

எங்கள் அகதிக் கேஸ் முடியும் வரை வேலை செய்ய அனுமதி இல்லை, மொழி வகுப்பும் இல்லை. நாங்கள் சும்மா இருப்பதைப் பார்த்துப் பொறுக்காத ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், தேவாலய மண்டபத்தில் தானாகவே வகுப்புத் தொடங்கினார். பள்ளியில் ஆங்கிலம் படிப்பித்தவர் என்பதால் அதையே எங்களுக்கும் தந்தார். பாதிப் பேருக்குக் கனடாக் கனவு. ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை.

அவரிடம் புத்தகம் கிடையாது. குழுவாக நடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். கடை, தபால் கந்தோர், ரயில் நிலையம் எல்லாம் எப்படியோ ஒப்பேறின. வந்து முட்டிக்கொண்டது சாப்பாட்டுக் கடையில். வெயிற்றர் சூப் கொண்டுவருவார், சூப் ஆறியிருக்கும், முறைப்பாடு சொல்லி அதை மாற்றிக் கேட்க வேண்டும். வெயிற்றராக வந்தவர் எங்களில் மூத்தவர், ஊரில் தபாலதிபராக இருந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெறும் கோப்பையை வெகு கம்பீரமாகக் கொண்டுவந்து வைத்தார்.

முதலில் எழும்பிய அடுத்த அறைத் தம்பி, "சூப் வெரி நைஸ், தாங்க் யூ அண்ணை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இன்னொருவர் சூப் ஆறிவிட்டது என்றார். அடுத்த மூச்சிலேயே தனக்கு ஆறின சூப்தான் பிடிக்கும் என்றார். என் கணவர் ஒன்றுமே பேசாமல் வெறும் கோப்பையைத் தூக்கிக் குடித்தே காட்டினார். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணையை எப்படிக் குறை சொல்வது என்று கேட்டோம். சரி, நானே வெயிற்றர் என்றார். அது இன்னும் மோசம். படிப்பிக்கிற ரீச்சரை யார் குறை சொல்வது?

கடைசியில் அண்ணையே என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீர் வாரும். என்னைப் பாராதையும், சூப்பைப் பாரும். வீட்டில மனுசனுக்கு ஏச்சுக் குடுக்கிற மாதிரிக் குடும்."

"ஐயோ அண்ணை, அது நான் தமிழில எல்லோ குடுக்கிறனான்!"

ஆனாலும் எழும்பி நின்றேன். சூப் ஆறிவிட்டது, கொண்டுபோங்கள், நான் காத்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் மூன்று வசனம். ஆசிரியை கைதட்டினார். பிறகு எல்லோரிடமும் சொன்னார்: சிரிக்காதீர்கள், 'பரவாயில்லை' என்று சொல்லாதீர்கள், சுடச்சுட சூப் மேசைக்கு வரும் வரைக்கும் நன்றி சொல்லாதீர்கள். கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு மிகவும் கடினமாகப் பட்டது.

அந்த மார்கழியில் அடுத்த அறைத் தம்பியின் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை தாயும் பிள்ளையும் வருவதாக இருந்தது. ஆனால் அந்த அறையின் வெப்பமூட்டி இரண்டு வாரமாக வேலை செய்யவில்லை. தொட்டுப் பார்த்தேன், ஐஸ்கட்டி. சுவரில் ஈரம் ஊறியிருந்தது. விடுதிப் பொறுப்பாளரோ கேட்கும் போதெல்லாம் நாளைக்கு என்பார். எங்களைக் கவனிக்கும் சமூகநல அலுவலகத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டும். தம்பிக்குப் பயம்.

"கேஸ் நடக்கேக்க வாய் திறந்தா அது பிழையாப் போயிடும் அக்கா. பிள்ளையை என்ர கோட்டால சுத்தி வைக்கிறன்."

"கோட்டுக்குள்ள எத்தனை நாளைக்கு வைச்சிருப்பீர்?"

புதன்கிழமை வகுப்பில் ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே கதிரைகளை இழுத்துப் போட்டு மண்டபத்தை அலுவலகமாக்கினார். தான் வந்தால் தன்னோடுதான் பேசுவார்கள், நீங்களே போங்கள் என்றார். கடுகடுப்பான அதிகாரியாக அவர் மேசையில் தட்டித் தட்டிக் கேள்வி கேட்டார். அண்ணை அறிமுகம், தம்பி அறை விபரம், கேட்க வேண்டியதைக் கேட்பது நான். எந்த உறுமலுக்கும் அசையாத அளவுக்குப் பழகினோம்.

வியாழக்கிழமை காலை போனால், அதிகாரி எழும்பி வந்து கைகொடுத்தார். கதிரை தந்தார். நல்ல ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு, எப்படி இருக்கிறீர்கள், எல்லாம் நலமா என்று கேட்டார்.

இப்படி ஒரு அதிகாரியை நாங்கள் நடித்துப் பழகவே இல்லையே! அண்ணை அப்படியே உருகிப் போனார். "வெரி குட் சேர். எவ்ரிதிங் குட். தாங்க் யூ சேர்." தம்பியும் தலையாட்டினார். அதிகாரி சந்தோஷமாக எங்கள் ஃபைலை மூடினார்.

என் முகத்திலும் சிரிப்பு ஒட்டிக்கொண்டு நிற்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வாயை மூடினேன். எழும்பினேன்.

"நோ சேர். நொட் குட்."

"பிள்ளை, நல்ல மனுசன், குழப்பாதையும்" என்று அண்ணை என் சேலைப் பக்கம் முணுமுணுத்தார். நான் திரும்பவில்லை. அறை இலக்கம் பதினாலு, வெப்பமூட்டி இரண்டு வாரமாகப் பழுது, நாளைக்கு அந்த அறைக்குப் பச்சைக் குழந்தை வருகிறது என்றேன். அவர் குறித்துக்கொண்டு, வருகிற வாரம் ஆள் அனுப்புவதாகச் சொல்லி, சரிதானே என்றார். தாங்க் யூ தொண்டை வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"பேபி கம் டுமாறோ. ஐ வில் வெயிற்."

அவர் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு அவர் தொலைபேசியை எடுத்தார். ஜெர்மனில் ஏதோ சொன்னார். 'இன்றைக்கு' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. இரண்டு மணிக்கு முன் வருவார்கள் என்றார். "ஓகே சேர்" என்றேன், அவ்வளவுதான்.

வெளியே வந்தோம். அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மட மனுசன் எப்பிடித்தான் இவ்வளவு காலம் உயிரோட இருக்கிறாரோ!"

ஒன்றரை மணிக்கே இரண்டு பேர் கருவிப் பையோடு வந்தார்கள். அரைமணி நேரத்தில் குழாய்க்குள் 'டக் டக்' என்று சத்தம். மாடி முழுக்க அந்த அறையில் கூடி, கோயில் தீபத்தைத் தொட்டு ஒற்றுவது போல ஆளுக்கு ஆள் வெப்பமூட்டியைத் தொட்டுப் பார்த்தோம். மறுநாள் தாய் உள்ளே வந்து, தயங்கித் தயங்கிக் குழந்தையின் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். எத்தனை முடி! தம்பி அழுதுவிட்டார்.

திங்கட்கிழமை தனியாகப் போய் அந்த அதிகாரிக்கு நன்றி சொன்னேன். குழந்தை எப்படி என்று அவரே கேட்டார். முறைப்பாடு சொன்னதால் எங்கள் ஒருவரின் கேஸும் பிழையாகிப் போகவும் இல்லை.

நன்றியுள்ளவர்கள் குளிருகிறது என்று சொல்லக்கூடாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இன்றும் யாராவது அன்போடு எல்லாம் நலமா என்று கேட்டால், ஒரு கணம் நின்று, உண்மையில் நலம்தானா என்று என்னையே கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.