ஜாஹ்னவியின் கைகள்

என் தம்பி மனைவி ஜாஹ்னவியை மூன்று மாதம் தெருவெல்லாம் மெச்சிக்கொண்டு திரிந்தேன். அந்த வாயை இப்போது என்ன செய்வதென்று தெரியவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில். தம்பி கோவர்தனுக்குக் கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யம். நான் குமுதவல்லி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டவள். அம்மா போன பிறகு வீட்டு ஆசாரத்துக்கு நான்தான் போலீஸ். ஜாஹ்னவி பெங்களூரில் வளர்ந்த பெண், கம்ப்யூட்டர் வேலை. அவளிடம் நான் பெரிதாக எதையும் எதிர்பார்த்ததில்லை.

பங்குனியில் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தது. தையல் ஆறட்டும் என்று குழந்தையை நாங்களே தூக்கிவைத்துக்கொண்டோம். நாற்பது நாள் முடிந்ததும் அவளே வந்து, இனிமேல் தளிகை என் பொறுப்பு, சமையலை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள். விடியற்காலையில் குளித்து, கொடியில் தனியாக உலர்த்திய புடவையை யார்மேலும் படாமல் மடியாகக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்படி மடியாக இருப்பவர்கள் கைக்குழந்தையைத் தொடமாட்டார்கள். அது எப்போது நனைத்து வைக்குமோ! ஆகவே குழந்தை என்னிடம் இருக்கும். நான் பள்ளிக்குப் போனால், பார்த்துக்கொள்ள வரும் வீராயியிடம் இருக்கும். பால் கொடுக்கும்போது மட்டும் ஜாஹ்னவி ஒருக்களித்துப் படுத்துக்கொள்வாள். நாங்கள் குழந்தையைப் பக்கத்தில் போடுவோம். பிறகு மறுபடி குளியல், மறுபடி மடி. ஒரு நாளைக்கு நான்கு குளியல். அவள் இளைத்துக் கண் உள்ளே போனதையும் பார்த்தேன். சிரத்தை என்று நினைத்தேன். வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னேன்.

ஆடியில் ஒரு நாள் வீராயி லீவு. நான் பள்ளியில் இருந்தேன். மதியம் கோவர்தன் கோயிலிலிருந்து வந்தபோது, தொட்டிலில் குழந்தை அழுது அழுது குரல் கம்மிக் கிடந்ததாம். ஜாஹ்னவி கையிரண்டும் தொங்கப் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். கை வரமாட்டேன் என்கிறது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள்.

பிரசவம் பார்த்த டாக்டரம்மா மாத்திரைக்கு மனநல டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். அதோடு, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தேவதர்ஷினி என்ற பெண்ணிடமும் போகச் சொன்னார். அவர் பிசியோதெரபி படித்தவர்; பிள்ளை பெற்றவர்களின் மனக்கஷ்டத்தை உடம்பு வழியாகத் தணிக்கிற பயிற்சியும் எடுத்தவர். நான்தான் துணைக்குப் போனேன். ஜாஹ்னவி என்னையும் உள்ளே இருக்கச் சொன்னாள்.

ஏன் அழுகிறாய், ஏன் தூக்கவில்லை என்றெல்லாம் அவர் கேட்கவே இல்லை. உடம்பில் எங்கே என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டார். முழங்கைக்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை என்றாள் ஜாஹ்னவி. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. ஆபரேஷன் மேஜையில் இரண்டு கையையும் விரித்துப் பட்டை போட்டுக் கட்டியிருக்கிறார்கள். குழந்தை உடனே அழவில்லை. நீலமாக இருந்ததைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடியிருக்கிறார்கள்.

"ரெண்டு கையையும் இழுத்தேன், விடலே. அதுக்கப்புறம் அது என் கையே இல்லே. தூக்கினா கீழே போட்டுடுவேன்" என்றாள்.

மடி என்பது அவள் ஒளிந்துகொள்ளக் கண்டுபிடித்த இடம். வாசலில் நின்று அதைக் காவல் காத்தவள் நான். ஒரு நாளாவது, ஒரு பேச்சுக்காவது, பிள்ளையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளேன் என்று நான் சொன்னதில்லை.

வாரம் இரண்டு நாள் போனோம். தரையில் உட்காரவைத்து, முதுகைச் சுவரில் சாய்த்து, பாதம் இரண்டையும் அழுத்தி ஊன்றச் சொல்வார். பிறகு எழுந்து உள்ளங்கையால் சுவரை மெல்லத் தள்ளச் சொல்வார். சுவரைத் தள்ளினால் மனசு சரியாகுமா என்று நான் மனத்துக்குள் நக்கலடித்தேன். நாலாவது தடவை தள்ளும்போது ஜாஹ்னவிக்குத் தோளிலிருந்து விரல்வரை கிடுகிடுவென்று நடுங்கியது. தேம்பித் தேம்பி அழுதாள். என் நக்கல் அன்றோடு நின்றது. கிளம்பும்போது தேவதர்ஷினி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"வீட்ல அவங்களா ஒருநாள் கையை நீட்டுவாங்க. அப்ப நீங்க எதுவும் சொல்லாதீங்க. நல்லதுகூடச் சொல்லாதீங்க."

புரட்டாசியில் அம்மாவின் திதி வந்தது. வருஷத்திலேயே ஆசாரம் அதிகமான நாள். மருமகள் தளிகை பண்ணுவது வழக்கம். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஜாஹ்னவியே நின்றாள். நானும் அவளும் மடியாக அடுப்படியில் இருந்தோம். கூடத்துக்கு அந்தப் பக்கம் கோவர்தன் பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தான். வீராயி கொல்லையில் துணி அலசப் போன நேரம் பார்த்துக் குழந்தை வீறிட்டது. ஜாஹ்னவி கரண்டியைக் கீழே வைத்தாள். கூடத்துக்குப் போனாள். தொட்டிலை நோக்கி இரண்டு கையும் நீண்டன.

"மடி" என்றேன்.

சொல்லிவிட்டேன். நாற்பது வருஷப் பழக்கம், வாய் முந்திக்கொண்டது. கைகள் பாதியில் நின்றன, பிறகு மெல்ல இறங்கின. விரல்கள் வெளுப்பது எனக்குத் தெரிந்தது.

ஓடிப்போய் ஈரத்துணியோடு குழந்தையை வாரி எடுத்து அவள் மார்பில் சாய்த்தேன்.

"ரெண்டு பேருக்கும் மடி போயிடுத்து. வாங்கிக்கோ."

"அக்கா, அம்மாவோட திதி..."

"மறுபடி தளிகை பண்ணிக்கலாம். அம்மா காத்துண்டிருப்பா."

சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தாள். பாதத்தைத் தரையில் அழுத்தினாள். கைகள் மெல்ல எழுந்து குழந்தையைச் சுற்றின.

"கீழே போட்டுடுவேன்க்கா."

"தரையிலதானே உக்காந்திருக்கே. எங்கே போடுவே?"

குழந்தை அழுகையை நிறுத்தவில்லை. அடுப்பில் அதிரசம் கருகியது. குழந்தைக்கு வயது ஆறு மாதம். பெற்றவள் அதைக் கையில் வாங்கியது அன்றைக்குத்தான்.