கட்டத்தாளில் அண்ணன் முகம்

1978ஆம் ஆண்டு டைரியின் நடுவே நான்காக மடித்த ஒரு கட்டத்தாள் இருக்கிறது. சேலை பார்டருக்குப் படம் போடுகிற தாள். ஆனால் அதில் பார்டர் இல்லை. என் அண்ணனின் முகத்தை நான்கு முறை வரைந்து வைத்திருக்கிறேன். முகம் நான்கிலும் ஒன்றுதான். முடி மட்டும் வேறு வேறு. மூன்றாவது படத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தினமும் பஸ் ஏறிச் சேலம் அம்மாபேட்டைக்குப் போய், ஒரு ஜவுளிக்காரரிடம் சேலை பார்டர் வரைகிற வேலை செய்தேன். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை. ஒரு கட்டம் தவறினால் தறியில் நெய்கிற மாங்காய் உருவத்துக்கு மூக்கு கோணிவிடும். ஆகவே எதையும் அளந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அப்பா இல்லை. தோட்டத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். அவருக்கு முப்பத்தொன்று. பெண் பார்த்த மூன்று இடங்களும் தட்டிப் போயிருந்தன. மூன்றாவது இடத்தில் பந்தி நடக்கும்போதே உள்ளே யாரோ, "குதிரை மூஞ்சி, முறக் காது" என்று சொன்னது வாசல் வரை கேட்டது. அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை நான்தான் அம்மாபேட்டைக்கு அழைத்துப் போனேன். நான் முடி வெட்டிக்கொள்கிற சலூன் அங்கே இருந்தது. சலூன்காரருக்கு என் வயதுதான் இருக்கும். முகத்தைப் பார்த்து முடியை முடிவு செய்ய வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர். வட்ட முகக்காரர் ஒருவர் காதை மூட வெட்டச் சொன்னால், "வேண்டாமுங்க, பூசணிக்கு முக்காடு போட்டாப்பல ஆயிரும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்.

அண்ணன் அதுவரை எண்ணெய் தடவி, முடியை நெற்றியிலிருந்து பின்னால் தூக்கிச் சீவிக்கொண்டிருந்தார். சலூன்காரர் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தறிக்காரர் வீட்டிலிருந்து வாங்கி வைத்திருந்த நூல் ஒன்றை எடுத்து முகத்தின் மேல் பிடித்தார். முன்முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரை எட்டேகால் அங்குலம். கன்னத்துக்குக் கன்னம் ஐந்து. காது மூன்று. நான் குறித்துக்கொண்டேன்.

"மூஞ்சி நீளமுங்க," என்றார் சலூன்காரர். "நீங்க அதுக்கு மேல கோபுரம் கட்டி வெச்சிருக்கறீங்க. உச்சியில படிய வெச்சு ரெண்டு பக்கமும் அடர்த்தியா விட்டமுன்னா மூஞ்சி அகலமாத் தெரியும். நெத்தியில கொஞ்சம் இறக்கோணும். கிருதா காதுக்குக் கீழ போகவே கூடாது, போனா இன்னும் நீட்டிக் காட்டும்."

"காதுங்க?" என்றேன் நான்.

"முடி அதும்மேல உளுந்துருமுங்க. இன்னைக்கு எல்லாரும் அப்படித்தானே விடறாங்க."

மறுநாள் வேலை முடிந்ததும் கட்டத்தாளில் நான்கு விதமாக வரைந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது அண்ணன் சிரித்தார். அந்தப் பந்திக்குப் பின் அன்றுதான் சிரித்தார்.

"ஏந்தம்பி, எம்மூஞ்சிக்குப் பார்டர் போடறயா? ஜரிகையும் வெச்சிரு."

"மூணாவது நல்லா இருக்குதுண்ணா."

"அதுல இருக்கறது ஆரு?"

"நீதான்."

வளர ஐந்து மாதம் பிடித்தது. எண்ணெய் வேண்டாம் என்று சலூன்காரர் சொல்லியிருந்ததால், அண்ணன் சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் எண்ணெய்ப் புட்டியைத் தொடவில்லை. மாதம் ஒரு முறை ஓரங்களை மட்டும் திருத்திக்கொண்டு வந்தார். மாதம் அரை அங்குலம் வளர்கிறது என்று அளந்து எழுதியிருக்கிறேன். சட்டைப் பையில் ஒரு சீப்பு வந்தது. சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். மூன்றாவது படம் அப்படியே நாற்காலியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பங்குனியில் வெண்ணந்தூர்ப் பக்கம் ஓர் இடம் வந்தது. எங்களுக்கு ஒன்றுவிட்ட மாமா ஒருவர்தான் நடுவில் இருந்து பேசினார். பெண் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணனை நேராகப் பார்த்தாள். திரும்பும்போது அண்ணன் பஸ் ஜன்னலை முழுக்க மூடிவிட்டார், முடி கலையாமல் இருக்க. வெண்ணந்தூர் தாண்டியபின், என் பக்கம் திரும்பாமலே, "புள்ள சிரிச்சுதுடா தம்பி," என்றார். சித்திரையில் நிச்சயம் ஆயிற்று. ஆவணிக் கடைசியில் முகூர்த்தம்.

நிச்சயம் முடிந்து வந்த அன்றைக்கே அம்மா பழனியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். இந்தப் பெண் அமைந்தால் அண்ணனுக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாராம். எங்களிடம் அதுவரை சொல்லவில்லை.

"கல்யாணம் முடிஞ்சு போட்டுக்கலாமுங்மா," என்றார் அண்ணன்.

"முடிஞ்சு எப்ப சாமி? வாரவ மறு மாசமே முழுகாம இருந்தான்னா? மாசமா இருக்கறவ புருசன் தலையில கத்தி படலாமா? பொறவு புள்ள பொறந்து, அதும் ஒரு வருசம் ஓடிப்போயிரும். கேட்டதைக் குடுத்த சாமியைக் கடனுக்கு நிக்க வெக்கறதா?"

எங்கள் பக்கத்தில் அது நடைமுறை. யாரும் மீறமாட்டார்கள். அம்மா சொன்னதில் தவறு கண்டுபிடிக்க முடியவில்லை.

சலூன்காரரிடம் சொன்னபோது அவர் கத்தரியை நிறுத்திவிட்டார். "பூமுடி குடுத்துட்டு வந்துருங்க. நுனியில ரெண்டு கத்தரி. சாமி வாங்கிக்கும்," என்றார். அம்மாவிடம் அதைச் சொன்னேன். "பூமுடி பொம்பளைக்கு. அவன் என்ன பொட்டப் புள்ளையா?" என்று அம்மா சிரித்துவிட்டார்.

பிறகு அண்ணன் என்னிடம் வந்தார். வரப்பில் நின்றுகொண்டு கேட்டார். "நீ என்ன தம்பி சொல்லறே?"

நான் டைரியை எடுத்துவந்து காட்டினேன். வைகாசி நடுவில் மொட்டை. ஆவணிக் கடைசிக்கு மூன்றரை மாதம். மாதம் அரை அங்குலம் என்றால் ஒன்றே முக்கால் அங்குலம் வளர்ந்திருக்கும். முகூர்த்தத்தில் தலையில் உருமால் கட்டுவார்கள், அது காதின் மேல்பாதியை மூடும். அதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை. கல்யாணத்துக்குப் பின் முடி தானே வளரும். எல்லாம் சரியாக இருந்தது.

அண்ணன் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கை காதுப் பக்கம் போய் முடியை ஒதுக்கியது. "நீ சொன்னாச் சரி," என்றார்.

வைகாசியில் பழனிக்குப் போய்வந்தோம். படியில் இறங்கும்போது சந்தனம் பூசிய அவர் தலைக்கு இரண்டு பக்கமும் வெயில் பட்டு, காதுகள் சிவப்பாகத் தெரிந்தன. அம்மா மகிழ்ச்சியாக இருந்தார். அன்றைய பக்கத்தில், "வேண்டுதல் நிறைவேறியது" என்று எழுதியிருக்கிறேன்.

என் கணக்கில் ஒரு நாள் விடுபட்டிருந்தது. ஜவுளி எடுக்கும் நாள்.

ஆடியில் கல்யாணச் சேலை எடுக்கமாட்டார்கள் என்பதால் ஆனியிலேயே நாள் குறித்துவிட்டார்கள். சேலத்தில் ஒரு துணிக்கடை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வருவார்கள் என்று தெரியும். பெண்ணை அழைத்து வருவார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. அவளுக்குப் பிடித்த நிறம் எடுக்கட்டும் என்று அவள் அப்பா கூட்டிவந்திருந்தார்.

நாங்கள் சுவர் ஓரமாக வரிசையாக நின்றிருந்தோம். ஒன்றுவிட்ட மாமா, நான், அண்ணன், பங்காளிகள் இரண்டு பேர். அவள் பாயில் உட்கார்ந்து, சேலைகள் விரிவதற்கு முன் ஒரு முறை தலை நிமிர்த்தினாள். மாமாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அடுத்தவரைப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் பார்த்தாள். இன்னும் வரவேண்டிய ஒருவரைத் தேடுகிற மாதிரி.

அண்ணனின் வலது கை தலைக்குப் போயிற்று. முக்கால் அங்குலம்கூட இல்லாத முடியைத் தடவிவிட்டு இறங்கியது.

பெண்ணின் அத்தைதான் முதலில் பேசினார். "ஏனுங்க, மாப்பிள்ளை வரலீங்களா?"

"இதா நிக்கறானுங்களே," என்றார் மாமா.

"அட, இவியளா! நான் மாப்பிள்ளைக்கு அண்ணனாக்கும்னு நெனச்சேன்." அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "காது ரெண்டும் எங்க போயிருந்துச்சுங்க மாப்பிள்ளை, அன்னைக்கு?"

பழனி வேண்டுதல் என்று அம்மா அவசரமாகச் சொன்னார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பெண் இன்னொரு முறை அண்ணனைப் பார்த்தாள். இம்முறை வெகுநேரம். சிரிக்கவில்லை. பிறகு விரித்த சேலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எது வேண்டும் என்று கேட்டதற்கெல்லாம், "உங்க இஷ்டமுங்க," என்றாள்.

ஆடி பிறந்து எட்டாம் நாள் மாமா மட்டும் வந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொம்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பையனை அவிய குறை சொல்லலே. காது பெருசுன்னா, காது பெருசுன்னு காட்டியிருக்கோணுமாம். அதை மறைச்சவிய இன்னும் எதையெதை மறைச்சாங்களோன்னு புள்ள அழுகுதாம். வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்க."

"நாங்க எங்க மறைச்சோம்? மறைக்கறதா இருந்தா மொட்டை போடுவமா?" என்று அம்மா கத்தினார். மாமா சொம்பைக் கீழே வைத்தார். அண்ணன் மாட்டுக்குத் தீவனம் அள்ளிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

முகூர்த்தம் குறித்திருந்த ஆவணி நாளில் அண்ணன், "சேலம் போலாமா தம்பி?" என்று கேட்டார். நேரே சலூனுக்குப் போனார். முடி என் கணக்குப்படியே ஒன்றே முக்கால் அங்குலம் வளர்ந்திருந்தது. சலூன்காரர் என் முகத்தைப் பார்த்தார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து, "சுத்தியும் ஒட்ட வெட்டிருங்க," என்றார்.

"உங்க மூஞ்சிக்கு அது எடுக்காதுங்களே."

"இதுதானுங்க மூஞ்சி. பாக்கறவிய பாக்கட்டும்."

அதன்பின் எட்டு வருடம் அந்த வெட்டுதான். சீப்பை எனக்குக் கொடுத்துவிட்டார். அம்மா இரண்டு இடம் பேசிவந்தார். அண்ணன் கிளம்பவில்லை. படம் எடுக்கவும் உட்காரவில்லை. 1981இல் என் கல்யாணத்தில்கூடக் குடும்பப் படத்தின்போது பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் இறைக்கப் போய்விட்டார். என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். அவர் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. டைரியிலும் எழுதவில்லை. வேலைக்குப் போனது, மழை, பஸ் தாமதம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன்.

1982இல் என் மகள் பிறந்தாள். நடக்கத் தொடங்கியதிலிருந்து அண்ணனின் தோள்தான் அவளுக்கு. கழுத்தின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு, இரண்டு காதையும் கைப்பிடி மாதிரி பிடித்துக்கொள்வாள். வலது காதை இழுத்தால் கிணற்றுப் பக்கம், இடது காதை இழுத்தால் தென்னைப் பக்கம். "பிச்செடுத்தறாத கண்ணு," என்பார் அண்ணன். இழுக்க இழுக்க நடப்பார்.

1987இல் மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து என்று பத்து நாள் போயிற்று. சேலம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நாள் கடந்துவிட்டது என்றார்கள். அவருக்கு நாற்பது வயது.

பிள்ளை இல்லாததால் நான்தான் கொள்ளி வைத்தேன். எனக்கு மொட்டை போட்டார்கள். குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தபோது துண்டை நீட்டிய என் மனைவி ஒரு கணம் நின்றுவிட்டாள்.

"அப்படியே பெரிய மாமாவாட்டமே இருக்கறீங்க," என்றாள், அண்ணனைச் சொல்லி. "காதும் அதேதானுங்க."

கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். நூல் எடுத்து அளக்க வேண்டியிருக்கவில்லை. பதினைந்து வயதிலிருந்து நான் காதை மூடித்தான் முடி விட்டிருக்கிறேன். ஏன் என்று என்னையே நான் கேட்டுக்கொண்டதில்லை.

"உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தலைக்கு ஊத்திட்டு வாரப்பெல்லாம் பாக்கறனுங்களே. அதுல என்னங்க இருக்குது?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மாலை போட்டு வைக்க அண்ணன் படம் வேண்டும் என்றார் அம்மா. இருந்தது ஒன்றே ஒன்று. பெண் வீட்டுக்குக் கொடுக்க எடுத்த அந்த ஸ்டுடியோப் படம். பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிவந்தேன். அம்மா முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆணியில் மாட்டினார். என் மகள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இது ஆருங்கப்பா?"

"பெரியப்பா."

"இல்லே." கொஞ்சம் தள்ளி நின்று மறுபடி பார்த்தாள். "பெரியப்பாவுக்குக் காது இருக்குமே?"

அன்று இரண்டு வரி எழுதிவிட்டு, பழைய டைரியிலிருந்து கட்டத்தாளை எடுத்து விரித்தேன். நான்கு படங்களிலும் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது, தாடைக் கோடு கட்டம் பிசகாமல் இருக்கிறது. ஒன்றில்கூட நான் காது வரையவில்லை. ஓரத்தில் அளவு மட்டும் எழுதியிருக்கிறேன். மூன்று அங்குலம்.