கதவுக்காரம்மா சொன்னதும் நான் சொன்னதும்

கதவுக்காரம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவள் என் மனைவி. பழைய அமெரிக்கப் படங்களில் யார் வீட்டு வாசலில் மணி அடித்தாலும் கதவைத் திறப்பது அவளாகத்தான் இருக்கும். ஒரு படத்தில் வேலைக்காரி, இன்னொன்றில் விடுதி நடத்துகிறவள், வேறொன்றில் டாக்டரின் மனைவி. திறப்பாள், வந்தவரை ஒரு பார்வை பார்ப்பாள், ஒதுங்கி வழி விடுவாள். அதன் பிறகு கதை வேறு யாருடையதாகவோ ஆகிவிடும்.

அவள் பேசிய ஒரு வசனத்தை ஒரு நாள் நான் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அவள் எப்படிப்பட்ட நடிகை என்று தெரிந்தால்தான் நான் செய்தது என்னவென்று புரியும்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில் எங்கள் தெருவுக்கு வந்த கேபிளில் கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படங்கள் மட்டும் போடுகிற ஒரு சேனலும் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது. மொச்சை உரிப்பதற்கோ கீரை ஆய்வதற்கோ முறத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தவள், நாளடைவில் முறம் இல்லாமலும் வரத் தொடங்கினாள்.

முதலில் கதாநாயகிகளைத்தான் நான் சுட்டிக் காட்டினேன். அவள் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

"பின்னாடி தட்டு வெச்சிக்கிட்டு நிக்கிறாளே, அவ நேத்து நர்ஸா வந்தவதான?"

அவள்தான். ஒரு காட்சியில் கணவனும் மனைவியும் சண்டை போடுகிறார்கள். கணவன் தட்டைத் தூக்கி எறிகிறான். எல்லாரும் அவன் முகத்தைப் பார்க்க, ஓரத்தில் நிற்கிற கதவுக்காரம்மா தரையில் சிதறிய சில்லுகளைப் பார்க்கிறாள். பிறகுதான் எஜமானை நிமிர்ந்து பார்க்கிறாள்.

"பாத்தீங்களா, பெருக்கப்போறவ அவதான? அதான் கீழ பாக்குறா" என்றாள் என் மனைவி. வாழ்நாள் முழுவதும் பீங்கானோடு இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

நானாகக் கவனித்தது ஒன்று உண்டு. சினிமாவில் காபிக் கோப்பைகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கதாநாயகிகள் அதைக் காகிதம்போலத் தூக்குவார்கள். காலிக் கோப்பையைத் தூக்குகிற மணிக்கட்டு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கதவுக்காரம்மா தூக்கும்போது மட்டும் அதில் காபி இருக்கும். சூடு இருக்கும். கீழே வைக்கும்போது தளும்பிவிடுமோ என்கிற தயக்கம்கூட விரலில் இருக்கும். இதை மனைவியிடம் சொன்னபோது, "பரவால்லியே, உங்களுக்கும் கண்ணு தெரியுது" என்றாள்.

அவள் படங்கள் வரிசையாக வரவில்லை. திங்கட்கிழமை ஐம்பது வயதில் வருவாள், புதன்கிழமை இருபத்தைந்தாகிவிடுவாள். கழுத்தையும் கைவிரலையும் பார்த்து என் மனைவியே அவளுடைய வாழ்க்கையை அடுக்கினாள். ஆரம்பத்தில் நடனக் கூட்டத்தின் கடைசி வரிசையில் ஆடுகிறவள். நெற்றி முடியை உதட்டால் ஊதித் தள்ளுகிற பழக்கத்தை வைத்துத்தான் அங்கே அவளைக் கண்டுபிடித்தோம். பிறகு போர்க்காலப் படங்களில் நர்ஸ். பிறகு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். அந்தப் படத்தில் யாருடைய மரணச் செய்தியையோ இணைப்பில் கேட்டுவிட்டு, அடுத்த அழைப்புக்கு அதே குரலில் பதில் சொல்வாள். குரல் மாறவில்லை. ஆனால் பிடுங்கிய கம்பியைச் செருகாமல் கையிலேயே வைத்திருப்பாள். அவ்வளவுதான் அவள் அழுகை. கடைசியாக ஒரு வண்ணப் படத்தில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் கிழவி. ஒரு நிமிடம்கூட இல்லை. என் மனைவி எழுந்து டி.வி.க்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

எங்கள் ஊர்ப் பாலக்கரையில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய், படங்களின் பெயரைப் போட்டு அவளைத் தேடினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்திருந்தாள். எந்தப் படத்திலும் முதல் பெயர் அவளுடையதில்லை. பாதிப் படங்களில் அவள் ஏற்ற பாத்திரத்துக்கே பெயர் இல்லை. செவிலி, அத்தை, ஜன்னலில் நிற்கும் பெண் என்றுதான் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்து வருத்தமாகச் சொன்னேன்.

"பேரு எதுக்குங்க? கதவத் தொறந்தா நமக்குத் தெரியாதா" என்றாள்.

இதில் என் வேலை மொழிபெயர்ப்பு. எழுத்து ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும். அந்தக் காலத்து அமெரிக்கர்கள் பேசுகிற வேகத்தில் பாதிதான் பிடிபடும். கீழே எழுத்தும் ஓடாது. தெரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, பிடிபடாத இடங்களை நானே நிரப்பினேன்.

"அவ ரெண்டு வார்த்தைதான் வாயத் தொறந்தா. நீங்க பாட்டுக்குப் பேசிக்கிட்டே போறீங்க?"

"இங்கிலீஷ் அப்படித்தான். சுருக்கமா இருக்கும்."

"ஆமா ஆமா, பஸ்ஸு கண்டக்டர் விசில் மாதிரி."

சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள். கதவுக்காரம்மா சொல்வதாக நான் சொன்னவற்றை அவள் மதித்தாள். சமையலறையில் ஏதாவது யோசனை வந்தால், "அவளா இருந்தா என்னா சொல்லுவா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்கிற அளவுக்கு மதித்தாள்.

அப்படி இருக்கும்போது எங்கள் ஒரே மகள் சென்னையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினாள். கல்யாணமாகி இரண்டாவது வருடம். மருமகன் அவளை வேலையை விடச் சொல்லியிருந்தார். பிறகு யாரோடு போனில் பேசினாய் என்று தினமும் கேட்டிருக்கிறார். கடைசியில், ஆபீஸ் போகும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருக்கிறார். மகள் இதை அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னாள்.

"சின்ன வயசு. போகப் போகச் சரியாயிடும்" என்றேன்.

"பூட்டிட்டுப் போறவன் போகப் போக சாவி குடுப்பானா? எம்பொண்ணு இங்கதான் இருப்பா."

மூன்றாவது வாரத்தில் எதிர்வீட்டுக்காரர் என்னைத் தெருவில் நிறுத்தி, "பாப்பா லீவுக்கு வந்துருக்குதா சார்? ரொம்ப நாளா இருக்குதே" என்றார். அவர் சாதாரணமாகக்கூடக் கேட்டிருக்கலாம். எனக்கு முகம் சுட்டது. அவளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். இடையில் நின்றவள் என் மனைவி. நான் சொன்னால் அவள் கேட்கப்போவதில்லை.

மறுநாள் மதியம் அந்தப் படம் வந்தது. மழை. கதாநாயகி கணவனை விட்டுவிட்டு, நனைந்தபடி பெட்டியோடு அத்தை வீட்டு மணியை அடிக்கிறாள். திறப்பவள் கதவுக்காரம்மா. பெண்ணைப் பார்க்கிறாள், பெட்டியைப் பார்க்கிறாள். பிறகு சொல்கிறாள். இந்த முறை ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. "உன் அறை அப்படியே இருக்கிறது. ஏன் வந்தாய் என்று நான் கேட்கப்போவதில்லை."

"என்னா சொல்றா?" என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள் மனைவி.

"'இப்படிப் பொசுக்குனு வந்துட்டா எப்படி? மழை விட்டதும் கிளம்பு. புருஷன் தேடுவான். உன் வீடு அதுதான்' அப்படிங்கறா."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போவச் சொல்றவ எதுக்குங்க பெட்டிய வாங்கி உள்ள வெக்கிறா?"

"மழையில நனையுமே."

"தலையத் தொவட்டி விடுறாளே."

"அதெல்லாம் ஒரு மரியாதைக்கு."

"இல்லீங்க. நீங்க சரியாக் கேக்கல. அவ மூஞ்சி அப்படிச் சொல்லல."

ஒரு கோப்பையைச் சுண்டிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் ஒலி காட்டிக்கொடுத்துவிடும். என் பொய்யை அவள் அப்படிச் சுண்டிப் பார்த்தாள். நான் அதட்டினேன்.

"இங்கிலீஷ் உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அவள் அடங்கிவிட்டாள். என்னுடைய படிப்பை அவளுக்கு எதிராக நான் பயன்படுத்திய நாள் அது.

அன்று மாலை சமையலறையில் அவள் மகளிடம் தயங்கித் தயங்கிச் சொன்னது காதில் விழுந்தது. "வேணும்னா இன்னொரு வாட்டி போய்ப் பாக்குறியாம்மா? பெரியவங்கள்லாம் அப்படித்தான் சொல்றாங்க." மகள் மெதுவாக, "சரிம்மா" என்றாள்.

காலையில் பெட்டி தயாராக இருந்தது. பஸ் நிலையத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். டிரைவர் ஏறி உட்கார்ந்தபோது மகள் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நேத்து மதியம் நான் உள் ரூம்ல தூங்கல. படுத்துதான் இருந்தேன்."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தம்மா சொன்னதும் கேட்டுது. நீங்க சொன்னதும் கேட்டுது."

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அவளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். மனைவியை ஏமாற்றுகிற அவசரத்தில், உள் அறையின் அரைச் சுவருக்கு அந்தப்பக்கம் படுத்திருக்கிறவளுக்கு இரண்டு மொழியும் தெரியும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. தன்னை அனுப்ப அப்பா எவ்வளவு தூரம் இறங்குவார் என்பதை அவள் இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தபோது, "ஏறிட்டாளா?" என்று மனைவி கேட்டாள். "ஏறிட்டா" என்றேன்.

மகள் கணவனிடம் போகவில்லை. சில நாள் கழித்து ஒரு பெண்கள் விடுதியிலிருந்து போன் செய்தாள். பழைய ஆபீஸில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம். மனைவிக்குச் சந்தோஷம், கூடவே ஒரு குழப்பம். "அங்க போவலன்னா நம்ம வூட்டுக்கே வந்துருக்கலாமே. ஹாஸ்டலு எதுக்கு?" என்று பல நாள் கேட்டாள். பதில் தெரிந்த நான் தினத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு பேசுவாள். அப்பா நல்லா இருக்காங்களா என்று விசாரிப்பாள். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னதில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு ஞாயிறு மதியம் அதே படம் மறுபடி வந்தது. மழை தொடங்கியதுமே மனைவிக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் மகளுக்கு டயல் செய்தாள். போன் வயரை இழுத்த இழுப்பில் மேசை விரிப்பு கீழே வந்தது. ரிசீவரை டி.வி. பெட்டியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இருடி, வெக்காத. இப்ப பெல்லு அடிப்பா பாரு. கதவு தொறக்குறவ என்னா சொல்றான்னு கேட்டுச் சொல்லு. உங்கப்பா காதுக்கு அன்னிக்கு சரியா உழல."

கதவு திறந்தது. கதவுக்காரம்மா அந்த இரண்டு வாக்கியங்களையும் சொன்னாள். மனைவி ரிசீவரைத் தன் காதுக்கு மாற்றினாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அப்படியா? சரி சரி. சாப்புட்டியா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

"நீங்க சொன்னதுதான் சரியாம். அப்படியேதான் சொல்றாளாம்."

மகள் என்னைக் காப்பாற்றியிருந்தாள். இனி அந்தப் பொய் யாருக்கும் தெரியப்போவதில்லை.

மனைவி திரையை வெறித்துப் பார்த்தாள். அங்கே கதவுக்காரம்மா அந்தப் பெண்ணின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். அது மரியாதைக்குத் துவட்டுகிற துவட்டல் இல்லை. காதுக்குப் பின்னால், பிடரியில், குழந்தைக்குத் துவட்டுவதுபோல.

"இவளப் போயி இத்தினி நாளா என்னமோன்னு நெனச்சிட்டேன். மூஞ்சில ஒண்ணு, வாயில ஒண்ணு" என்று சொல்லிவிட்டு டி.வி.யை அணைத்தாள்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. முப்பது வருடம் பெயரில்லாத பாத்திரங்களில் நின்று, ஒரு தடவைகூடப் பொய்யாகக் கோப்பையைத் தூக்காதவள். என்னால் அவள் என் வீட்டில் பொய்க்காரியாகிவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தம்மா என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், எதற்காகச் சொன்னேன், பஸ் நிலையத்தில் மகள் என்ன சொன்னாள்.

மனைவி கத்துவாள் என்று நினைத்தேன். அணைத்த டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப அவ சரியாத்தான் நடிச்சிருக்கா" என்றாள். அதற்கும் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். "ஒரு வருசமா எம்பொண்ணு ஏன் வரலன்னு தெரிஞ்சிக்கிட்டே பேப்பர் படிச்சிக்கிட்டு இருந்தீங்களா?"

மறுபடி டயல் செய்து, ஒரு வார்த்தையும் பேசாமல் ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"அம்மாடி, அன்னிக்கு நான் வேணும்னேதான் மாத்திச் சொன்னேன்."

"தெரியும்பா."

"அம்மாகிட்ட சொல்லிட்டேன்."

"ஏம்பா? நான்தான் சமாளிச்சிட்டேனே."

"வூட்டுக்கு வாம்மா."

அந்தப் பக்கம் யாரோ வாளியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. "லீவு கெடைக்கும்போது வரேம்பா" என்றாள்.

வந்தாள். விவாகரத்து கிடைத்தது, ஆபீஸில் பெரிய பொறுப்புக்கு உயர்ந்தாள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை பஸ்ஸில் வருவாள். அம்மாவும் அவளும் சேர்ந்து படம் பார்ப்பார்கள். இப்போது மொழிபெயர்ப்பு அவளுடையது. புரியாத இடத்தில், "இது எனக்கு வெளங்கலம்மா" என்று கூச்சமில்லாமல் சொல்லிவிடுவாள். என்னிடமும் மரியாதையாகப் பேசுவாள், மாத்திரை சாப்பிட்டேனா என்று கேட்பாள். மாலை பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். ஒரு முறை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவளிடம், இன்றைக்கு ராத்திரி இருந்துவிட்டுப் போயேன் என்று கேட்டேன்.

"இல்லப்பா, நாளைக்கு ஆபீஸ் இருக்குது" என்றாள்.

அன்று சனிக்கிழமை. சரிம்மா, பார்த்துப் போ என்றேன்.