கல்லுக்கு வைத்த எண்ணெய்

டொரோண்டோ நகரின் நடுவிலுள்ள ஓர் ஆங்கிலேயத் தேவாலயத்தில் பதினொரு வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறேன். அந்த வேலையை எடுத்துத் தந்தவர் மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தில் குடியிருக்கும் ஓர் அண்ணை. இருவரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புவோம். இப்போது நான் மட்டும் போகிறேன். அதற்குக் காரணமும் நான்தான்.

தேவாலயம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் தங்கள் கிராமத்துத் தேவாலயங்களைப் பார்த்து அதே மாதிரிக் கட்டியது. அரைவட்ட வளைவுகள், தடித்த சுவர்கள், சின்னச் சின்ன யன்னல்கள். வாசல் வளைவைச் சுற்றி மரம் அரியும் வாளின் பல் மாதிரிச் செதுக்கியிருக்கும். எல்லாப் பல்லும் ஒரே அளவு. துடைக்கத் துடைக்க அலுப்புத்தான் வரும்.

உள்ளே, இடப்பக்கச் சுவரில், நெஞ்சு உயரத்தில் ஒரு கல்லைப் பதித்திருந்தார்கள். அது மட்டும் உண்மையிலேயே இங்கிலாந்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்தது. அங்கே ஒரு தூணின் தலைக்கல்லாக இருந்ததாம். எண்ணூறு வருடத்துக்கு மேல் இருக்கும் என்றார்கள். ஒரு முகம், அதன் வாயின் இரண்டு பக்கத்தாலும் கொடி புறப்பட்டுப் போகும். ஒரு கண் மற்றதைவிடப் பெரிது. வலப்பக்கக் கொடியில் ஐந்து இலை. இடப்பக்கத்தில் நாலரை. இடம் போதாமல் கடைசி இலையைச் செதுக்கியவன் மடித்து விட்டிருக்கிறான். கன்னத்தில் சாய்வாக உளிக்கோடுகள், விரலால் தடவினால் ஒவ்வொன்றாகத் தட்டுப்படும். ஆட்களோடு கதைக்க எனக்கு வராது. பள்ளிக்கூடத்தோடு படிப்பும் முடிந்தது. அந்த முகத்துக்கு முன்னால் நிற்க மட்டும் கூச்சமாக இருந்ததில்லை.

குளிர்காலத்தில் ஹீட்டர் சூட்டுக்குக் கல் காயும். காலையில் அதன் கீழே கோதுமை மா போலத் தூள் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போடுவது என் வேலை. ஒவ்வொரு நாளும் அந்த முகத்தில் கொஞ்சத்தை எறிகிறேன் என்றுதான் நினைப்பேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஸ்காபரோவில் ஒரு கோயிலில் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்கு முதல் நாள் எண்ணெய்க்காப்பு. மற்ற நாட்களில் ஐயர் மட்டுமே தொடும் சாமியை அன்று வரிசையில் நின்று நாங்களே தொட்டு எண்ணெய் பூசலாம். நானும் பூசினேன். என் உள்ளங்கைக்குக் கீழே கருங்கல் மினுங்கியது. போத்தலில் பாதி நல்லெண்ணெய் மிஞ்சியது.

திங்கட்கிழமை அந்தப் போத்தலை வேலைக்குக் கொண்டுபோனேன். காய்ந்த கல் எண்ணெய் கேட்கும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. கண், மூக்கு, ஒன்பதரை இலை என்று எல்லா இடமும் பூசினேன். முகத்துக்கு உயிர் வந்தது போல இருந்தது.

கீழ்த்தளத்திலிருந்து அண்ணை வாளியோடு ஏறி வந்தார்.

"என்ன ஐசே, நல்லெண்ணெய் மணக்குது?"

"தலைக்கு வைச்சனான் அண்ணை."

"உம்மடை தலையில என்ன கிடக்கு, எண்ணெய் வைக்க?" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை பார்த்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது. எங்களுடைய கருங்கல் வேறு, இது வேறு. இது மெத்தென்ற சுண்ணாம்புக்கல். எண்ணெயை உள்ளே இழுத்து, சுற்றியிருந்த சுவருக்கும் பரப்பிவிட்டது. அதில் தூசி வேறு ஒட்டியிருந்தது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தேன். இன்னும் மோசமானது.

தேவாலயக் குழுவின் தலைவி ஓய்வு பெற்ற ஆசிரியை. கோபத்தைக் கூட மெதுவாகத்தான் சொல்லுவார். எங்கள் இருவரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். அண்ணைக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. அறுபத்தைந்தில் பென்சன் வரும்வரை இந்த வேலை நிலைத்தால் போதும் என்று பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் சொல்லுவார்.

அண்ணை நெற்றியில் மூன்று குறி திருநீறோடுதான் வேலைக்கு வருவார். நானும் வீட்டில் பூசுவேன். பஸ் தரிப்பிடத்தில் ஈர டிஷ்யூவால் துடைத்துவிடுவேன்.

"உங்கள் சமயத்தை நான் மதிக்கிறேன்" என்றார் அந்த அம்மா. "ஆனால் அது கும்பிடுகிற சிலை இல்லை." இருவருக்கும்தான் சொன்னார். கண் அண்ணையின் நெற்றியில் இருந்தது.

"நொட் மீ, மேடம்" என்றார் அண்ணை.

பிறகு அண்ணை என்னைப் பார்த்தார். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்தேன். "ஐ டோன்ட் நோ" என்றேன்.

இரண்டு கிழமையில் அண்ணையை இனி வரவேண்டாம் என்றார்கள். கடைசி நாள் பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்:

"எனக்கு மூக்கில்லை எண்டு நினைச்சீரோ? உம்மடை கையில மணத்தது."

"அண்ணை..."

"அண்டைக்கு வாயில கொழுக்கட்டையே வைச்சிருந்தனீர்?"

"பயந்திட்டன் அண்ணை."

"நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். நீரே சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

மோர்னிங்சைட் வந்தது. இறங்கும்போது, தான் வைத்திருந்த என்னுடைய சாப்பாட்டுப் பையை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு முன்னால் போனார்.

பழைய கல் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவர் ஏதோ களிமண்ணைக் குழைத்து முகம் முழுக்க அப்பி, காயவிட்டு, உரித்தெடுத்தார். எண்ணெய் முக்கால்வாசி வந்தது. அதோடு கன்னத்தின் உளிக்கோடுகளும் வந்துவிட்டன. இப்போது தடவினால் ஒன்றும் தட்டுப்படாது. மடித்த இலை மட்டும் மிச்சம்.

இலையுதிர் காலத்தில் எனக்குத் துணிவு வந்தது. சொல்ல வேண்டிய ஆங்கிலத்தை ஒரு கிழமையாகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். அந்த அம்மா தனியாகப் பூ அடுக்கிக்கொண்டிருந்த நேரம் போய், எண்ணெய் பூசியது நான்தான், அண்ணையை வேலைக்குத் திரும்ப எடுங்கள் என்றேன்.

அவர் பூவை வைத்துவிட்டு என் தோளைத் தொட்டார்.

"நல்ல நண்பர் நீங்கள். மற்றவருடைய பிழையை நீங்கள் சுமக்க வேண்டாம். நாங்கள் அவரை எப்போதோ மன்னித்துவிட்டோம்."

இல்லை, நான்தான் என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். போத்தலைப் பற்றியும் கோயிலைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். பாடமாக்கிய ஆங்கிலம் அவ்வளவோடு முடிந்திருந்தது. ஆனால் நான் பேச்சை நிறுத்தியது அதனால் அல்ல. அவர் நம்பவில்லை என்று தெரிந்ததும் என் உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவியது. வேலை போகாது. "தாங்க் யூ" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன்.

அண்ணை அப்போது வோபர்னில் ஒரு தமிழ்க் கடையில் மரக்கறி அடுக்கிக்கொண்டிருந்தார். நாள் முழுக்கக் குளிர் அறைக்கும் வெளிக்கும் நடை. சனிக்கிழமை போய் நடந்ததைச் சொன்னேன். என் நிம்மதியைச் சொல்லவில்லை.

"நம்பேல்லையோ?" என்றார், வெண்டிக்காயைக் கொட்டிக்கொண்டு.

"இல்லை அண்ணை."

"பின்னையென்ன, உமக்கு நல்லம்தானே. சொன்னதுமாச்சு, வேலையும் இருக்குது."

"திரும்பவும் போய்ச் சொல்லுவன் அண்ணை. விளக்கமாச் சொல்லுவன்."

அவர் வெறும் பெட்டியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப?"

நான் ஒரு கட்டு முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.